வந்த அழைப்பைத் துண்டியுங்கள், நீங்களே அழையுங்கள்

கேள்வி:

நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 72 வயது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். போன திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அவரை அழைத்திருக்கிறார். கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாள விவரங்கள்) புதுப்பிக்கவில்லை, மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும், ஓய்வூதியம் வராது என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னம் போட்ட ஒரு செயலியை அனுப்பினாராம். அப்பா அதை நிறுவி, கேட்ட விவரங்களையெல்லாம் நிரப்பியிருக்கிறார். அரை மணி நேரத்தில் 49,000, 49,500 என இரண்டு முறை பணம் போனது. பிறகு ஒரு லட்ச ரூபாய் வைப்பு நிதியை உடைத்து, அதிலிருந்து 88,000. மொத்தம் 1,86,500 ரூபாய். ஓ.டி.பி. யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். பணம் போன குறுஞ்செய்திகளை அன்றே பார்த்தும், புதன்கிழமை இரவுதான் எங்களிடம் சொன்னார். வியாழன் காலை வங்கியின் உதவி எண்ணுக்கும், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் அழைத்தோம்; இரண்டு இடத்திலும் புகார் எண் கொடுத்தார்கள். கிளையில், "அவரே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தம்பி அப்பாவைக் கடுமையாகத் திட்டிவிட்டான். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பணம் திரும்ப வருமா? இந்த அழைப்புகளை எப்படி அடையாளம் காண்பது? அவரிடமிருந்து ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் செயலி இன்னும் அப்பாவின் போனில் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்தால், இதைப் படித்த கையோடு போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அப்பா ஓ.டி.பி. சொல்லவில்லை என்பதை நான் நம்புகிறேன். சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இப்படிப்பட்ட செயலிகள் நிறுவும்போதே குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாம் சம்மதித்துவிட்டால், வரும் ஓ.டி.பி. நம் கண்ணில் படும் முன்பே அவர்களுக்குப் போய்விடும். இன்று வரும் ஓ.டி.பி.யும் அப்படியே போகும்.

அந்த வாட்ஸ்அப் உரையாடல், அழைத்த எண், செயலியின் பெயர், பணம் போன குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் வேறொரு போனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போனைத் தொழிற்சாலை அமைப்புக்கு (ஃபேக்டரி ரீசெட்) மீட்டெடுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் போதாது. அவருடைய அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஏ.டி.எம். அட்டையைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

இனி பணத்தைப் பற்றி. பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் கிளையில் சொன்னது முழு உண்மை இல்லை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் இழப்பு யாருடையது என்பதை அது வரையறுக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், செய்தி வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் தாங்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டார் என்றால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவருடைய இழப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பு. கிளையில் இருந்தவர் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி விதியைத்தான்.

ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொரு விதியும் இருக்கிறது: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது. அப்பா கடவுச்சொல்லை நிரப்பினார் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். மறைத்தால் வழக்கே கெட்டுவிடும். ஓ.டி.பி.யை அவர் சொல்லவில்லை, செயலி திருடியது என்பதும் உண்மைதான். 72 வயதுக்காரரின் வைப்பு நிதி ஒரு காலை வேளையில் உடைக்கப்பட்டு, அந்தப் பணம் முன்பின் தெரியாத கணக்குக்கு உடனே போனபோது வங்கியின் கண்காணிப்பு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் திங்கள் போன பணத்துக்கு வியாழனே தெரிவித்துவிட்டீர்கள். அது மூன்றாவது வேலை நாள். அந்தப் புகார் எண்ணும் நேரமும்தான் உங்கள் கையிலிருக்கும் பெரிய ஆதாரம். வங்கி 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறை சொல்வார்கள்.

1930 என்பது வேறு வழி. அங்கே புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளை வைத்திருக்கும் வங்கிகளுக்குத் தகவல் போகும். அங்கே மிச்சம் இருக்கும் பணத்தை முடக்குவார்கள். திருடர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். வாடகைக்கு வாங்கிய கணக்குகள் வழியாகச் சில நிமிடங்களில் பிரித்துப் பிரித்து அனுப்பி, ஏதோ ஓர் ஊரின் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள். அதனால் கிட்டத்தட்ட மூன்று நாள் தாமதம் உங்களுக்குப் பாதகம்தான். ஆனாலும் எவ்வளவு முடக்கப்பட்டது என்று புகார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முடக்கிய பணத்தைத் திரும்பப் பெற வழக்கமாக நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். அதனால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலோ குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்காமல் வராதீர்கள்.

இனி அழைப்பை அடையாளம் காண்பது பற்றி. 33 ஆண்டுகள் வங்கியில் இருந்தேன்; கடைசி ஆறு ஆண்டுகள் வாடிக்கையாளர் புகார்களைக் கவனித்தேன். ஏமாந்தவர்களில் ஆசிரியர், மருத்துவர், தணிக்கையாளர் எல்லோரும் உண்டு. எல்லோரும் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம், "அவன் உண்மையான வங்கிக்காரன் மாதிரியே பேசினான் சார்" என்பதுதான். அது இயல்பு. அவனுக்கு அதுதான் தொழில், நாள் முழுவதும் அதையே செய்கிறான்.

எப்படி நம்ப வைக்கிறான் என்பதைப் பாருங்கள். உங்கள் பெயர், வங்கி, கிளை எல்லாம் சொல்வான். அவை கசிந்த பட்டியல்களில் சல்லிசாகக் கிடைப்பவை. பிறகு, "சரிபார்ப்பதற்காக உங்கள் அட்டை எண்ணை நானே வாசிக்கிறேன், சரியா என்று பாருங்கள் ஐயா" என்று முதல் ஆறு இலக்கங்களை நிதானமாக வாசிப்பான். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்ப்பார். ஆறும் சரியாக இருக்கும். அந்த இடத்தில் சந்தேகம் போய்விடும். ஆனால் அந்த ஆறு இலக்கங்கள் அந்த வங்கி அந்த வகையில் கொடுத்த எல்லா அட்டைகளுக்கும் பொது. மயிலாப்பூரில் இருப்பவர் அட்டையிலும் மதுரையில் இருப்பவர் அட்டையிலும் அதே ஆறுதான். "மீதியை நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, பாதி தெரிந்தவனிடம் மீதியைச் சொல்வதில் என்ன தவறு என்று மனம் இளகிவிடும்.

அடுத்து பயமும் கெடுவும். மாலைக்குள், ஆறு மணிக்குள், இன்றே. மின்வாரியத்தின் பெயரில் "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வந்த மோசடிக் குறுஞ்செய்திகளும் இதே ரகம்தான். கே.ஒய்.சி. விஷயத்தில் உண்மை நிலவரம் வேறு. ஆபத்து குறைந்தவர் என்று வங்கி வகைப்படுத்தியிருக்கும் வாடிக்கையாளருக்கு அதைப் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். கெடு வருமுன் குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபாலில் வரும் கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியே செய்திருக்கிறது. முகவரி மாறாதவர் ஓர் உறுதிமொழி கொடுத்தாலே வேலை முடிந்தது. காலையில் போன் செய்து மாலையில் கணக்கை மூடும் வழக்கம் எந்த வங்கியிலும் இல்லை.

மூன்றாவது, "லைனிலேயே இருங்கள்." இதைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடியது என்பேன். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது தியாகராய நகரில் ஒரு கிளையில் மேலாளராக இருந்தேன். மதியம் இரண்டரை மணி இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். பல ஆண்டுகளாகத் தெரிந்தவர். வழக்கமாக என் அறைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அன்று நேராகக் கவுண்டருக்குப் போய், நான்கு லட்ச ரூபாய் வைப்பு ரசீதை நீட்டி, முடித்துத் தரச் சொன்னார். ஊழியர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன். "என்னம்மா, அவசரமா?" என்றேன். "வீட்டுச் செலவு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவருடைய கைப்பை திறந்திருந்தது. உள்ளே போனின் திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, 1 மணி 12 நிமிடம் என்று காட்டியது.

நான் பேசவில்லை. பணம் கட்டும் செலானைத் திருப்பி, பின்புறத்தில் "யார் பேசுவது?" என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். பேனாவை வாங்கி, "உங்கள் தலைமை அலுவலகம். இந்தக் கிளையில் திருட்டு நடக்கிறதாம். யாரிடமும் சொல்லக் கூடாது" என்று எழுதினார். கை நடுங்கியதால் கடைசி வார்த்தை கோணலாக இருந்தது. 20 ஆண்டுகள் பழகிய என்னைத் திருடன் என்று அவரை நம்ப வைத்துவிட்டான், பெயர் தெரியாத ஒருவன், ஒரு மணி நேரத்தில். அனுமதி கேட்டுவிட்டு, பைக்குள் கைவிட்டு அந்தச் சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். அறை திடீரென்று அமைதியானதுபோல இருந்தது. அவர் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகுதான் அழுதார்.

அவர் முட்டாள் இல்லை. காதில் அந்தக் குரல் இருக்கும் வரை யோசிக்க இடமில்லை, அவ்வளவுதான். குரல் நின்ற இரண்டு நிமிடத்தில் எல்லாம் அவருக்கே புரிந்துவிட்டது.

அதனால்தான், அழைப்பவன் உண்மையானவனா பொய்யானவனா என்று கண்டுபிடிக்க அப்பாவுக்குக் கற்றுத்தராதீர்கள் என்கிறேன். அந்த ஆராய்ச்சியில் இறங்கினாலே பேச்சு நீளும். நீள நீள அவன் கை ஓங்கும். வங்கி என்ற பெயரில் யார் அழைத்தாலும், "சரி, நானே வங்கிக்கு அழைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டிக்கட்டும். பிறகு அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அவராக அழைக்கட்டும், அல்லது கிளைக்கு நடந்து போகட்டும். கூகுளில் உதவி எண்ணைத் தேட வேண்டாம். அங்கே திருடர்கள் போட்டு வைத்த எண்களும் கிடைக்கும். உண்மையான வங்கி ஊழியர் நீங்கள் தொடர்பைத் துண்டித்ததற்காக ஒருபோதும் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கோபித்ததில்லை, என் கீழ் வேலை பார்த்தவர்களையும் கோபிக்க விட்டதில்லை.

அடையாளங்களும் சில உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளலாம். வங்கிகள் சேவைக்காக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து கணக்கைப் பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்திவிடலாம். இந்திய வங்கிகளின் இணைய முகவரி இப்போது 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுக்கவும் கணக்கின் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்க அதை எங்கும் அழுத்த வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பு எதையும் தொடவே கூடாது. எனிடெஸ்க் போலத் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலும் அப்படித்தான். இருந்தாலும் இந்த அடையாளங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இன்று பிடிபடும் தந்திரத்தை நாளை மாற்றிவிடுவார்கள். தொடர்பைத் துண்டித்துவிட்டு நாமே அழைப்பதை அவர்களால் எளிதில் முறியடிக்க முடியாது. நமக்கு வரும் அழைப்புகள் திருப்பிவிடப்பட்டிருந்தால்கூட, திருட்டுச் செயலி இல்லாத போனிலிருந்து நாம் அழைக்கும் அழைப்பு சரியான இடத்துக்குத்தான் போகும்.

ஸ்மார்ட்போனை வாங்கி வைக்காதீர்கள். வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் தானே போய் வந்த மனிதரிடமிருந்து அதைப் பறித்தால், திருடன் எடுத்ததைவிடப் பெரியதை நீங்கள் எடுத்ததாகிவிடும். அதற்குப் பதில் பணத்தைப் பிரித்து வையுங்கள். ஓய்வூதியமும் வைப்பு நிதியும் இருக்கும் கணக்குக்கு இணைய வங்கி வசதியே வேண்டாம் என்று கிளையில் எழுதிக் கொடுக்கலாம். இன்னொரு வங்கியில் சிறு கணக்கு ஒன்று தொடங்கி, மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ அதில் போட்டு, போனை அதோடு மட்டும் இணைத்துவிடுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் அணைத்து வைக்கலாம், வரம்பையும் குறைக்கலாம்.

உங்கள் தம்பிக்கும் ஒரு வார்த்தை. பணம் திங்கட்கிழமை 12 மணிக்குள் போய்விட்டது. அப்பா அன்று ஒரு மணிக்கே வீட்டில் சொல்லி, அப்போதே 1930ஐ அழைத்திருந்தால், அதில் ஒரு பகுதியையாவது முடக்கியிருக்க வாய்ப்பு இன்னும் அதிகம். ஏன் சொல்லவில்லை? திட்டுவீர்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தால் கிட்டத்தட்ட மூன்று நாள் அந்தத் திருடனுக்குக் கிடைத்தது. தம்பி, இப்போது திட்டுவதால் போன பணம் வராது. அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் உங்களுக்குத் தெரியவரும். அப்பாவிடம் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சேர்ந்து சாப்பிடுங்கள்.

இன்னொன்றும் எதிர்பார்த்து இருங்கள். வரும் வாரங்களில் சைபர் காவல் துறையிலிருந்தோ ரிசர்வ் வங்கியிலிருந்தோ பேசுவதாக யாராவது அழைத்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், செயல்முறைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கைமாறுகிறது. புகாரை விசாரிக்கக் காவல் துறைக்கோ ரிசர்வ் வங்கிக்கோ ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

நாளைக் காலை அப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். புகார் மனுவை அவரே தம் கையெழுத்தில் எழுதட்டும்: அழைப்பு வந்த நேரம், எண், ஒவ்வொரு தொகையும் போன நேரம், செயலியில் நிரப்பியது என்ன, யாரிடமும் சொல்லாதது என்ன, உதவி எண்ணில் தெரிவித்த நேரம், இரண்டு புகார் எண்கள். அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை அது, உங்களைவிட நன்றாகவே எழுதுவார். மேலாளரிடம் அவரே கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வாங்கிக்கொண்டால், நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் பெறாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.